கை படாத ஐம்பத்தெட்டு பேர்

இரண்டு எவர்சில்வர் தூக்குவாளிகளை மேசைமேல் வைத்துவிட்டு, சுந்தரவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இது என் கை பட்டது. இது கரண்டியால கலக்குனது. ரெண்டும் ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கிரைண்டரு. நேத்துச் சாயங்காலம் ஆட்டுனது. நீங்களே தெறந்து பாருங்க டாக்டரம்மா.”

பொற்கொடி ஊசி போடும் டாக்டர் அல்ல. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் ஆலங்காட்டூரில் எல்லாரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் எத்தனையோ பேருடைய காலையும் கையையும் வெட்டவிடாமல் காப்பாற்றிய மருந்து, தனியார் மருத்துவமனையை ஒட்டியிருந்த அவளுடைய ஆய்வகத்தில்தான் பிறந்தது. வெள்ளி உப்பைக் கரைத்த தண்ணீரில் ஆவாரை இலைச்சாற்றை ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் அது தேன் நிறமாகி, பிறகு டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். அதற்குள் கோடிக்கணக்கான வெள்ளித் துகள்கள் உருவாகியிருக்கும். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத நானோ துகள்கள். ஒவ்வொன்றின் மேலும் இலைச்சாறு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் இதற்கு அடங்கின. பெட்டியில் ஏதோ நீளமான பெயர் போட்டிருந்தது. ஜனங்கள் ‘வெள்ளித் தண்ணி’ என்றார்கள். பதினான்கு மாதங்களாக மாநிலம் முழுக்கத் தனியார் மருத்துவமனைகளில் அது போய்க்கொண்டிருந்தது. ஆலங்காட்டூரில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு முகாம்கூடப் போட்டார்கள்.

சுந்தரவல்லி மெயின் ரோட்டில் மாவுக்கடை வைத்திருப்பவள். போன ஆடியில் கிரைண்டர் கல்லுக்கு நடுவே விரல் மாட்டி, சீழ் வைத்து, முழங்கைக்குக் கீழே எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது பத்து ஊசியில் அவள் கை தப்பியது.

பொற்கொடி மூடிகளைத் திறந்தாள். கரண்டியால் கலக்கிய மாவு பொங்கி மூடியைத் தொட்டிருந்தது. மற்றது அப்போதுதான் வழித்து வைத்ததுபோல் தட்டையாக, வெள்ளையாகக் கிடந்தது. முகர்ந்து பார்த்தாள். பச்சை அரிசி வாசனை.

“ஆடிக் காத்துக்கு அப்படித்தான் ஆகும்” என்று சிரித்தாள்.

“காத்து ரெண்டு மேலயும்தான அடிச்சுச்சு?”

பொற்கொடியின் சிரிப்பு நின்றது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, சுந்தரவல்லியின் உள்ளங்கையை அழுத்தித் துடைத்து, கருவிக்குள் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் வந்த கோட்டைப் பார்த்தவள், இன்னொரு முறை துடைத்து வைத்தாள். மூன்றாவது முறையும் அதே கோடுதான் வந்தது. ஊசி போட்ட ஒன்பதாவது நாளில் சிறுநீரோடு வெளியேறிவிட வேண்டிய துகள்கள், ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் வேர்வையில் முத்து முத்தாக வந்துகொண்டிருந்தன.

“என்னம்மா, கெட்ட செய்தியா?” என்றாள் சுந்தரவல்லி.

“மருந்து இன்னும் உங்க உடம்புல இருக்கு. கிருமியைக் கொல்ற மருந்து இல்லியா, மாவைப் புளிக்க வைக்கிறதும் ஒரு கிருமிதான். உங்க கை பட்டதும் அது செத்துப்போகுது.”

“அம்புட்டுத்தானா? இனிமே கரண்டியாலயே கலக்கிக்கிர்றேன்.” சுந்தரவல்லி வாளிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நான்கூட புள்ளைக்கும் இதுக்கும் எதுவும் சம்பந்தமோன்னு பயந்துட்டேன்.”

“பிள்ளைக்கு என்ன?”

“பொறந்து நாப்பது நாளாச்சு. எடையே ஏற மாட்டேங்குது. பால் நல்லாத்தான் குடிக்கிறா. குடிச்சதெல்லாம் அப்படியே போயிருது.”

பொற்கொடி கருவியை அணைக்காமலே எழுந்து குழந்தைகள் பிரிவை நோக்கி ஓடினாள். எதற்கென்று சுந்தரவல்லிக்குத் தெரியவில்லை.

*

குழந்தைகள் பிரிவின் டாக்டர் ஜெபசிங் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பதினான்கு கேஸ்தாள்களை மேசைமேல் பரப்பினார்.

“நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். ரெண்டு மாசத்துல பதினாலு குழந்தைங்க. எல்லாம் ஒரே மாதிரி. சளி இல்ல, காய்ச்சல் இல்ல, வயித்துப்போக்குக் கிருமியும் இல்ல. மலத்தை வளர்த்துப் பார்த்தேன். எதுவுமே வளரல. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. காலி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் இப்படிப் பார்த்ததே கிடையாது.”

“தாய்ப்பால் வழியா என் துகள் போகுது டாக்டர்.”

“பெரியவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

“நமக்கு வயித்துக்குள்ள பல வருஷமா வேர்விட்ட கூட்டம் இருக்கு. கொஞ்சம் சாகும், மிச்சம் தாக்குப்பிடிக்கும். குழந்தைக்கு இனிமேத்தான் குடியேறணும். குடியேற வர்றதையெல்லாம் வாசல்லயே கொன்னா?”

ஜெபசிங் கேஸ்தாள்களை அடுக்கினார். “இந்தப் பதினாலுல ஆறு அம்மாக்கள் உங்க மருந்தையே எடுத்துக்கல. அதுக்கு என்ன சொல்றீங்க?”

பொற்கொடி ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து, வேறு எதுவும் தோன்றாமல், தன் உள்ளங்கையைத் தானே துடைத்துக் கருவிக்குள் வைத்தாள். அவள் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டதே இல்லை. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் குடுவையைத் தொட்டதும் இல்லை.

திரையில் கோடு எழும்பியது.

காலை நீட்டி மெட்டியைப் பார்த்தாள். ஒரு பக்கம் நூல்போல் தேய்ந்திருந்தது. அப்போதுதான் கணக்கு விளங்கியது. இலைச்சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அழியவில்லை. ஈரத்தோடு ஈரம் சேரும் இடத்தில் ஒரு தோலிலிருந்து இன்னொரு தோலுக்குத் தாவுகிறது. கைகுலுக்கல், எச்சில் தம்ளர், ஒரே தட்டில் பிசைந்த சோறு, குழந்தையின் கன்னத்து முத்தம். போன இடத்தில் மெட்டியோ கொலுசோ அரைஞாணோ இருந்தால், அந்த வெள்ளியைக் கரைத்துப் புதிய துகள்களைச் செய்துகொள்கிறது. அவள் குடுவையில் செய்த வேலையை அது மனிதர்களின் உடம்பில் செய்துகொண்டிருந்தது.

அன்றே மருந்தை நிறுத்தச் சொல்லி எழுதினாள். நிறுத்தினார்கள். ஆனால் அது இனி ஊசிக்குழாயில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

வழி ஒன்று இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தி, புட்டிப்பால் கொடுத்து, கையுறையோடு மட்டும் தூக்கினால் பத்து நாளில் குழந்தையின் குடல் சுத்தமாகிவிடும். பிறகு அங்கே நல்ல கிருமிகளைக் குடியேற்ற வேண்டும். கடையில் கிடைப்பது இரண்டு மூன்று வகை. குழந்தைக்கு வேண்டியது சில நூறு வகை. துகள் படாத, ஆரோக்கியமான ஒருவருடைய மலத்திலிருந்து அவற்றைப் பிரித்துக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும்.

“துகள் படாத ஆளு யாரு?” என்றார் ஜெபசிங்.

ஊர்ப் பெரியவர்கள் தெருவாரியாகப் பட்டியல் கொடுத்தார்கள். ஐந்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் உள்ளங்கைகளைத் துடைத்தார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், கோயில் குருக்கள், வங்கி மேலாளர், படுக்கையைவிட்டு எழாத முதியவர். அத்தனை பேரிடமும் இருந்தது. மதுரையிலும் சென்னையிலும் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். பக்கத்து மாநிலங்களிலும் இந்த மருந்து போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பதினான்கில் ஒரு குழந்தை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இறந்தது. பொற்கொடி அந்தக் கட்டிலருகே நின்றிருந்தாள். தாய் யாரையும் திட்டவில்லை. இவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள், இந்த அம்மாதான் மருத்துவம் பார்க்க முயன்றவர் என்று நினைத்துக்கொண்டு.

“ஊர் முழுக்க எடுத்தாச்சு டாக்டர்” என்றாள் ஜெபசிங்கிடம்.

அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “பைபாஸுக்கு அந்தப் பக்கம் சூளைக்கிட்ட காலனி இருக்கே, அது இதுல இல்லியே?”

“பட்டியல்ல இருந்த தெரு எல்லாம் எடுத்துட்டோம்.”

“அதத்தான் சொல்றேன்.”

*

காலனியில் பதினேழு வீடுகள் இருந்தன. எல்லாரும் பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்தார்கள். அன்று ஐம்பத்தெட்டு பேர் இருந்தார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தவர்கள் இன்னும் திரும்பவில்லை. முதலில் கையை நீட்டியவள் தவமணி. முப்பத்து நான்கு வயது. கல் அறுத்து அறுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. காலில் வெள்ளி மெட்டி தேயாமல் தடிமனாக இருந்தது.

மாலையில் பொற்கொடி ஐம்பத்தெட்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட எழும்பவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று தன் கையை வைத்துப் பார்த்தாள். அது சரியாகத்தான் வேலை செய்தது.

மறுநாள் காலை தவமணியின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் இரட்டைக் கையுறை, முகத்தில் கவசம். தவமணி எதிரே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள்.

“நீங்க யாரும் வெள்ளித் தண்ணி போட்டுக்கலியா?”

“முகாம் கோயில் மண்டபத்துல போட்டாங்க. எங்கள யாரு உள்ள விட்டா?”

“சரி, ஊருக்குள்ள போவீங்கள்ல? கடைக்கு, பஸ்ஸுக்கு?”

“போவோம்.”

“அப்புறம் எப்படி? தொட்டாலே ஒட்டிக்குது. ஒரு தடவ கைபட்டாப் போதும். ஒரு வருஷமா ஐம்பத்தெட்டு பேர்ல ஒருத்தர்மேலகூட வெளியாள் கை படலியா?”

தவமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாளா, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறாளா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

“காசப் பலகையில வெப்போம் மேடம். அவுங்க சாமானப் பலகையில வெப்பாங்க. டீக்கடையில எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பு. பஸ்ல பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும், நின்னுக்கிட்டு வந்தாலும் உக்கார மாட்டாங்க. தண்ணி டேங்க் எங்களுக்குத் தனி. பள்ளிக்கூடமும் தனிதான். எங்களுக்கு இது பழகிப்போச்சு. உங்க மிஷினுக்குத்தான் புதுசு.”

ஆலங்காட்டூரில் அப்படியெல்லாம் எதுவும் கிடையாது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் போன வாரம்தான் பொற்கொடியிடம் சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள். ஆறு வருடமாக அந்த ஊரில் இருக்கிறாள்.

“எங்ககிட்ட இப்ப என்ன வேணும்?” என்றாள் தவமணி.

பொற்கொடி சொன்னாள். குழந்தைகளைப் பற்றி, குடலைப் பற்றி, எதைக் கேட்டு வந்திருக்கிறாள் என்பதைப் பற்றி. தவமணி முழுக்கக் கேட்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

“எங்க பீயா? ஊருக்குள்ள புள்ளைக பொழைக்க எங்க பீ வேணுமா?”

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரிப்பு தானாக அடங்கியது. “எத்தன புள்ளைக?”

“பதிமூணு. முந்தாநாள் வரைக்கும் பதினாலு.”

தவமணி எழுந்து நின்றாள். “எதுல புடிச்சுத் தரணும்? டப்பா கொண்டாந்திருக்கீங்களா?”

*

முதலில் சுந்தரவல்லியின் மகளுக்கு. எங்கிருந்து வந்தது என்று அவள் கணவன் ஞானவேல் கேட்டான். ஜெபசிங் சொன்னார். அவன் முகம் சுருங்கியது.

“வேற ஆளே கெடைக்கலியா சார்?”

“வாய மூடுறீங்களா?” என்றாள் சுந்தரவல்லி. சத்தம் போடவில்லை. “குழாயப் போடுங்க டாக்டர்.”

பதினோராம் நாள் குழந்தையின் எடை எழுபது கிராம் ஏறியது. இருபதாம் நாள் அவள் வீறிட்டு அழுத சத்தத்தில் பக்கத்து வார்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெபசிங் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பதிமூன்று குழந்தைகளும் தேறின. கிருமிகள் வேர்விட்டுவிட்டதால் இனித் தாய்மார் உறையில்லாமலே தூக்கலாம் என்றார். செய்தி பரவியது. மற்ற மாவட்டங்களில் எடுத்த சோதனைகளும் வந்து சேர்ந்தன. துகள் படாதவர்கள் இருந்த இடங்களை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் குறித்திருந்தார்கள். பொற்கொடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளிகள் அத்தனையும் ஏதோ ஓர் ஊருக்கு வெளியே, ரோட்டுக்கோ ஓடைக்கோ அந்தப் பக்கம் இருந்தன. ஒரு மாநிலமே மறைத்து வைத்திருந்த ஒன்றை அவளுடைய வெள்ளி சாயம் ஏற்றிக் காட்டிவிட்டது.

அதற்குள் ஆலங்காட்டூர் மருத்துவமனைக்கு மட்டும் புதிதாக இருபத்தாறு குழந்தைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் இருபது நாள் தினமும் வேண்டும். காலனியில் ஒருவருக்குத் துகள் தொற்றினால், ஒரே டேங்க்கில் தண்ணீர் எடுப்பவர்கள் என்பதால், ஒரு வாரத்தில் ஐம்பத்தெட்டு பேருக்கும் வந்துவிடும்.

அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரே உட்காரலில் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். எட்டு நாளில் அது அவள் பெயரோடு உத்தரவாக அச்சாகி வந்தது. காலனி முகப்பில் கயிறு கட்டி, பலகை வைத்து, ஒரு காவலரையும் உட்கார வைத்தார்கள். இப்படியோர் உத்தரவை ஆலங்காட்டூர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரர் தானாகவே வந்து, “நாங்க சரியா நடந்துக்குவோம் மேடம், கவலப்படாதீங்க” என்றார்.

தவமணி பலகைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வசிக்கிறவுங்கள வெளியாளுக தொடக் கூடாது. கடைகள்ல அவுங்களுக்குத் தனிக் குவளை வெக்கணும். பேருந்துல பக்கத்துல உட்காரக் கூடாது. பொதுக் குழாய்ல, கோயில்ல, கூட்டத்துல கலந்துக்க விடக் கூடாது.” கடைசி வரியில் விரல் நின்றது. “முனைவர் பொற்கொடி. நீங்க எழுதுனதா?”

“உங்களப் பாதுகாக்கத்தான் தவமணி. ரெண்டு மூணு மாசந்தான். அதுக்குள்ள மாற்று மருந்து...”

“நான் கோவப்படல மேடம்.” அவள் இன்னும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னயும் இதெல்லாம் இருந்துச்சு. ஆனா யாரும் எழுதி வெக்கல. எழுதி வெக்கிறதுக்குப் பயந்தாங்க.”

பொற்கொடி அன்று பிற்பகலே மாவட்டத் தலைநகருக்குப் போய், சொற்களை மாற்ற வேண்டும் என்று மன்றாடினாள். அதிகாரி அமைதியாகக் கேட்டார்.

“எதை மாத்தணும்? தொடலாம்னு போடவா?”

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இருபத்தாறு குழந்தைகள்.

“மத்த மாவட்டங்களுக்கும் இதே வாசகம்தான் போயிருக்கு மேடம். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க” என்றார் அவர்.

*

ஆவணி முடியப் பத்து நாள் இருந்தது. முற்பகல் வெயிலில் பொற்கொடி இரட்டைக் கையுறையோடு கயிற்றுக்கு உள்பக்கம் நின்று மாதிரிப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பைபாஸைக் கடந்து குழந்தையோடு சுந்தரவல்லி வருவதைக் காவலர்தான் முதலில் பார்த்தார்.

“அம்மா, அங்கயே நில்லுங்க. போர்டு பாக்கலியா?”

“பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டே அவள் வந்தாள். கையில் உறை இல்லை. மகளுக்குப் புதுச்சட்டை, கன்னத்தில் மைப்பொட்டு. கயிறுவரை வந்து நின்றாள். “இங்க தவமணிங்கிறது யாரு?”

தவமணி கையைச் சேலையில் துடைத்தபடி முன்னால் வந்தாள். சூளைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இன்னும் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றார்கள்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே ஊரில் முப்பது வருடம் இருந்தவர்கள். பேசிக்கொண்டதில்லை.

“உங்கள எனக்குத் தெரியும்” என்றாள் தவமணி. “ரெண்டு மூணு வருஷம் முந்தி உங்க கடையில மாவு வாங்கியிருக்கேன். பாக்கெட்டப் பலகையில வெப்பீங்க.”

சுந்தரவல்லியின் கண் கலங்கியது. “ஆமாக்கா. வெச்சேன்.” அவள் வாய் கோணியது. “இவளுக்கு இன்னைக்குப் பேரு வெச்சிருக்கோம். முதல்ல உங்க கையில குடுக்கணும்னு நெனச்சேன். எனக்கு வேற எதுவும் தெரியல.”

“என்ன பேரு?”

“தவமணி.”

சூளைப் புகை ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தவமணி குழந்தையைப் பார்த்தாள். அது தாயின் வேர்வையில் நனைந்த கழுத்தைத் திருப்பி, இவளைப் பார்த்து வாயைத் திறந்தது. அவள் திரும்பிப் பொற்கொடியிடம் கேட்டாள்.

“தூக்குனா, நாளைக்கு நான் உங்களுக்கு ஆக மாட்டேன். அப்படித்தான மேடம்?”

பொற்கொடி தலையசைத்தாள்.

“இவுகளுக்கும் வந்துரும்?”

“வந்துரும்.”

தவமணி பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களில் வயதான ஒருவர், என்னவோ செய் என்பதுபோல் கையை லேசாக உயர்த்தினார். தவமணி கயிற்றண்டை வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். சுந்தரவல்லி குழந்தையைக் கயிற்றுக்கு மேலே தூக்கினாள். இருவரின் விரல்களுக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. அரைச் சாண் ஆனது.

“தொடாதே!”

அதட்டல் சூளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. நீட்டிய கைகள் அப்படியே நின்றன. எந்த மிருகம் இப்படிக் கத்துகிறது என்று பொற்கொடி ஆத்திரத்தோடு காவலரைத் திரும்பிப் பார்த்தாள்.

காவலர் வாயைத் திறக்கவே இல்லை. அவரும், சுந்தரவல்லியும், தவமணியும், பின்னால் நின்ற அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.